இணையத் தமிழ்த் தரவுகளின் இருப்பும் இழப்பும்: சொந்த வழங்கி மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இணையத்தின் முதல் கால் நூற்றாண்டுத் தரவுகளில் ஒரு பகுதி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மற்றொரு பகுதி கிடைப்பதில்லை. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜியோசிட்டீஸ், யாகூ குழுமங்கள் முதலிய இலவசச் சேவைகளில் தங்கியிருந்த தமிழ்த் தரவுகளின் நிலையும், மதுரைத் திட்டம், நூலகம் முதலிய தன்னார்வத் திட்டங்களின் நிலையும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. தரவின் நிலைபேற்றைத் தீர்மானித்தது சேவை நிறுவனத்தின் அளவோ செல்வமோ அன்று. பெயர், படி, பொறுப்பு ஆகிய மூன்றும் தரவை உருவாக்கியோர் கையில் இருந்தனவா என்பதே என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இம்முடிவின் அடிப்படையில், பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் தம் ஆய்வுத் தரவுகளை லினக்ஸ் வழங்கிகளில் பேணுவது குறித்த பரிந்துரைகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சொந்த வழங்கி, லினக்ஸ், கட்டற்ற மென்பொருள், மதுரைத் திட்டம், யாகூ குழுமங்கள், மின்னாவணக் காப்பு

முன்னுரை

2000-க்குப் பிந்தைய தமிழ் இலக்கிய, வரலாற்று விவாதங்களை ஆராய்பவருக்கு அச்சிதழ்கள் மட்டும் போதுமான சான்றுகள் ஆகா. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப், பொன்னியின் செல்வன் முதலிய யாகூ குழுமங்களில் நடந்த உரையாடல்களும் முதன்மைச் சான்றுகளே. புலம்பெயர்ந்த தமிழரும் தாயகத் தமிழரும் ஒரே அவையில் நாள்தோறும் எழுத்தில் உரையாடியதற்கு அவை சான்றாகின்றன. எனினும், அக்காலக் கட்டுரைகளிலும் நூல்களிலும் அடிக்குறிப்பாகத் தரப்பட்ட யாகூ குழும முகவரிகளுள் ஒன்றுகூட இன்று திறப்பதில்லை. மேற்கோள் இருக்கிறது, மூலம் இல்லை.

அதே காலத்தில், அதனினும் முன்னரே 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களோ இன்றும் எவரும் பதிவிறக்கிப் படிக்கும் நிலையில் உள்ளன. உலகின் பெரும் இணைய நிறுவனங்களுள் ஒன்றான யாகூவிடம் ஒப்படைக்கப்பட்டவை அழிந்தன. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் பேணியவை நிலைத்தன. இம்முரண் விளக்கம் வேண்டி நிற்கிறது.

பெருநிறுவனச் சேவைகள் மீதான அதிருப்தி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அச்சேவைகளைக் கைவிட்டு லினக்ஸ் வழங்கி அமைத்துக்கொள்ளுங்கள் என்பது பலராலும் கூறப்படும் அறிவுரை. இவ்வறிவுரை தமிழ் ஆய்வுலகுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை, தமிழ் இணையத்தின் கடந்தகாலத்தைக் கொண்டே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குச் ‘சொந்த வழங்கி’ என்பது, வீட்டிலோ நிறுவனத்திலோ வாடகைக் கணினியிலோ இருப்பினும், மென்பொருளையும் தரவையும் அதன் உரிமையாளரே நிருவகிக்கும் அமைப்பைக் குறிக்கிறது.

1. தொடக்கநிலையும் கட்டற்ற மென்பொருளும்

இணையம் ஒரு மையத்தில் இருந்து இயங்கும்படி வடிவமைக்கப்பட்டதன்று. தொடக்கத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆய்வு நிறுவனமும் தன் மின்னஞ்சலைத் தன் கணினியிலேயே நடத்தி வந்தது. ஆனால் அதற்குரிய யூனிக்ஸ் கணினிகள் தனிமனிதர் வாங்கும் விலையில் இல்லை. இந்நிலையை மாற்றியவை மூன்று. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள் என்னும் கருத்தை நிலைநாட்டியது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், சாதாரணக் கணினியில் யூனிக்ஸ் போன்ற இயங்குதளம் ஓடுவதற்கு வழிசெய்தது. 1995-இல் வெளிவந்த அப்பாச்சி வழங்கி மென்பொருள், அக்கணினியிலிருந்தே வலைத்தளம் நடத்த உதவியது. உரிமக் கட்டணமின்றி ஒருவர் சொந்த வழங்கி அமைப்பது இவற்றால் இயல்வதாயிற்று.

தமிழ் இணையம் தோன்றியதும் இக்காலத்தேதான். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலைப்பக்கங்களில் இடம்பெற்றன. அதே ஆண்டில் பாலா பிள்ளை தமிழ்.நெட் என்னும் மடற்குழுவைத் தொடங்கினார். தமிழுக்குப் பொதுவான எழுத்துக் குறியேற்றம் அப்போது நடைமுறையில் இல்லை. யூனிகோடின் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்த போதிலும், அன்றைய கணினிகள் அதனைக் காட்டவல்லனவாக இல்லை. ஆகவே மடற்குழு உறுப்பினர்கள் தாமே விவாதித்துத் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாடு தாம், தாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. பயனரே கருவியையும் செய்துகொண்ட காலம் அது.

2. இலவச இடங்களின் வருகை

வழங்கி நடத்துவதற்குப் பணத்தைக் காட்டிலும் நேரமும் திறனும் மிகுதியாக வேண்டியிருந்தன. இலவசச் சேவைகள் இந்த இடைவெளியில் நுழைந்தன. 1994-இல் தொடங்கப்பெற்ற ஜியோசிட்டீஸ், எவருக்கும் இலவசமாக வலைப்பக்க இடம் அளித்தது; 1999-இல் யாகூ அதனை வாங்கியது. மடற்குழு நடத்தும் இ-குரூப்ஸ் என்னும் சேவையை 2000-இல் யாகூ வாங்கி, யாகூ குழுமங்கள் என்னும் பெயரில் நடத்தியது. 2004-இல் கூகுளின் ஜிமெயில் அறிமுகமாயிற்று.

தமிழர்கள் இவ்விடங்களை விரைந்து பயன்படுத்திக்கொண்டதில் வியப்பில்லை. கல்லூரி ஆசிரியரும் வங்கி அலுவலரும் இல்லத்தரசியும், வழங்கி என்றால் என்னவென்று அறியாமலேயே எழுத முடிந்தது. தமிழ் இணைய எழுத்து பரவலானதில் இச்சேவைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்கவியலாது. சொந்த வழங்கியை வலியுறுத்துவோர் பலர் இவ்வுண்மையைக் கருதாது விடுகின்றனர். இலவச இடம் இல்லையெனில் அவ்வுரையாடல்களிற் பல நிகழ்ந்தே இரா.

ஆயினும் இதில் ஒரு பரிமாற்றம் மறைந்திருந்தது. முகவரி நிறுவனத்துடையது, படி நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் இருந்தது, பேணும் பொறுப்பு எவருக்கும் உறுதிமொழியாகத் தரப்படவில்லை. சேவை இலாபமாக இருக்கும்வரை தரவும் இருக்கும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

3. மூடல்களும் இழப்புகளும்

2009 அக்டோபர் 26 அன்று யாகூ ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழு இயன்றவற்றைப் படியெடுத்து, ஏறத்தாழ 640 கிகாபைட் அளவுள்ள தொகுப்பாக 2010-இல் பொதுவில் வெளியிட்டது. எஞ்சியவற்றின் இருப்பு அவரவர் வைத்திருந்த படியைப் பொறுத்ததாயிற்று.

கூகுளின் ரீடர் 2013 சூலை 1 அன்றும், ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்றும், பொதுப் பயனருக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2 அன்றும் நிறுத்தப்பட்டன. தமிழ் ஆய்வு நோக்கில் இவற்றினும் பெரிய இழப்பு யாகூ குழுமங்களின் மூடலே. 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 28 முதல் புதிய கோப்புகளை ஏற்றும் வசதி நிறுத்தப்பட்டது. டிசம்பரில் வலைத்தளத்திலிருந்து பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்பட்டன. தரவைக் கோரிப் பெறுவதற்கான காலம் 2020 சனவரி இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவை முற்றிலும் நின்றது. இருபதாண்டு உரையாடலைப் படியெடுக்கத் தரப்பட்ட காலம் ஏறத்தாழ மூன்று மாதமே.

இதிலும் இரு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, தரவைக் கோருவதற்கு உறுப்பினராக இருத்தல் வேண்டும். பழைய மின்னஞ்சல் முகவரியைக் கைவிட்டவரும் மறைந்தவரும் கோர இயலாது. இரண்டாவது, பழைய மடல்கள் திஸ்கியில் இருப்பின், அவற்றைப் பெற்றவரும் ஒருங்குறிக்கு மாற்றாமல் படிக்கவியலாது. சேவை மூடப்பட்டதால் மட்டும் தரவு இழக்கப்படுவதில்லை. படிக்கும் வழி மறக்கப்படும்போதும் அது இழக்கப்படுகிறது.

4. நிலைத்தவையும் அவற்றின் காரணங்களும்

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் இதன் ஒருங்கிணைப்பாளர். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். இத்திட்டத்தின் அமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, முகப்புக் குறிப்பை நீக்காமல் கோப்பினை எவரும் தடையின்றிப் பகிரலாம் என்னும் அனுமதி ஒவ்வொரு கோப்பிலும் இடம்பெற்றது. இதனால் படிகள் பல கணினிகளில் பெருகின. இரண்டு, திஸ்கியில் இருந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. மூன்று, நூல்கள் திட்டத்தின் சொந்தப் பெயரில் அமைந்த முகவரியில் வழங்கப்பட்டன. வழங்கி இடம் மாறலாம். பெயர் மாற வேண்டியதில்லை.

கல்யாணசுந்தரத்தின் தமிழ் மின்நூலகம் என்னும் தளம் இவ்வகையில் தெளிவான சான்று. ஜியோசிட்டீஸ் இடத்தில் இயங்கி வந்த அத்தளம், பின்னர்ச் சொந்தப் பெயருக்கு மாறியது. ஜியோசிட்டீஸ் மறைந்த போதிலும் அத்தளம் மறையவில்லை. வாடகை இடத்தில் இருப்பதாலேயே ஒரு தரவு அழிந்துவிடுவதில்லை. படி உரியவர் கையில் இருப்பின் அது வேறிடம் செல்லும் என்பதை இது காட்டுகிறது.

ஈழத்தில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் மற்றொரு சான்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே படி இருப்பதன் ஆபத்தை அச்சமூகம் நேரில் கண்டது. நூலகம் திட்டம் தன் எண்ணிம நூலகத்தை மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. பல்லூடக ஆவணங்களுக்கான ஆவணகம் என்னும் தளத்துக்கு ஐலண்டோரா என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தது. இதற்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பட்டது. மென்பொருள் எவருக்கும் உரியது; பொறுப்பு ஒரு நிறுவனத்துக்கு உரியது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா சற்று வேறுபட்டது. அது தமிழர் நடத்தும் வழங்கியில் இல்லை; விக்கிமீடியா அறக்கட்டளையின் லினக்ஸ் வழங்கிகளில் உள்ளது. எனினும் அதன் முழுத்தரவும் குறிப்பிட்ட கால இடைவெளியில் எவரும் பதிவிறக்கும்படி வெளியிடப்படுகிறது. அதனை மறுபயன்பாடு செய்யும் உரிமையும் உரிமத்தால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. அறக்கட்டளை நாளை மறைந்தாலும் தமிழ் விக்கிப்பீடியாவை வேறோர் இடத்தில் மீண்டும் நிறுவ இயலும். யாகூ குழுமங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, வெளியேறும் உரிமையே.

ஓலைச்சுவடி மரபு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பழைய ஏடு செல்லரித்துச் சிதையும் முன் புதிய ஏட்டில் படியெடுப்பதே அம்மரபின் காப்பு முறை. ஓர் ஏட்டின் நீண்ட ஆயுளைவிட, படிகள் பல ஊர்களில் இருந்தமையும், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள் அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்றமையுமே நூல்களைக் காத்தன. உ.வே. சாமிநாதையர் பல படிகளைத் தேடி ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்ததும் இதனாலேயே.

5. சொந்த வழங்கியின் வரம்புகள்

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு, சொந்த வழங்கி இருந்தால் தரவு நிலைக்கும் என்று முடிவு செய்தல் பிழையாகும். சொந்தப் பெயரில் நடத்தப்பட்ட தமிழ்த் தளங்களும் மறைந்துள்ளன. களப்பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். நடத்தியவர் சோர்ந்தாலோ மறைந்தாலோ கட்டணம் நின்று, பெயர் பிறர் கைக்குச் செல்கிறது. பெருநிறுவனம் மூடும்போது அறிவிப்பாவது வருகிறது. தனிமனிதர் வழங்கி அணையும்போது அதுவும் வருவதில்லை.

தொழில்நுட்பத் தடைகளும் உள்ளன. இந்தியாவில் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றுக்குத் தனி ஐ.பி. முகவரி வழங்கப்படுவதில்லை, எனவே வீட்டுக் கணினியை வெளியிலிருந்து நேரடியாக அணுகுவது கடினம். மின்தடை மற்றொன்று. பாதுகாப்புத் திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவாத வழங்கி, எளிதில் ஊடுருவப்படும். மின்னஞ்சல் இவற்றுள் மிகக் கடினமானது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநரின் களப்பெயரைச் சரிபார்க்கும் விதிகளைக் கடுமையாக்கின. சிறு வழங்கியிலிருந்து செல்லும் மடல் குப்பைப் பெட்டியில் விழுவதற்கு வாய்ப்பு மிகுதி.

நிறுவனப் பொறுப்பு இருப்பின் இத்தடைகளைக் கடக்கலாம் என்பதற்குக் கேரளம் சான்றளிக்கிறது. அங்கு 2000-களின் தொடக்கத்தில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், அரசுப் பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடத்திட்டத்துக்கேற்ப இயங்குதளத்தைத் தகவமைக்கும் பணியும் திட்டத்துக்குள்ளேயே நடந்தது. 2017-இல் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. இயங்குதளத்தை மாற்றியது மட்டுமன்றி, அதனைப் பேணுவோரையும் உருவாக்கியதே அதன் நிலைபேற்றுக்குக் காரணம் எனலாம்.

6. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் பரிந்துரைகளும்

இவ்வாய்வு கடந்தகாலம் பற்றியது மட்டுமன்று. 2014-இல் கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடத்தை இலவசமாக அறிவித்தது. 2021 பிப்ரவரியில் அச்சலுகை முடிவுக்கு வருவதாக அறிவித்து, 2022 சூலை முதல் நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 100 டெராபைட் என வரையறுத்தது. ஈராண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் களப்பணியில் பதிவுசெய்த நாட்டார் பாடல்களும் கல்வெட்டு ஒளிப்படங்களும் நேர்காணல்களும், அவர் படிப்பை முடித்து நிறுவனக் கணக்கை இழக்கும்போது எங்குச் செல்கின்றன என்பதற்குத் துறைகள் விடை வைத்திருத்தல் வேண்டும். பேட்டியளித்த முதிய கலைஞர் மறைந்தபின், அப்பதிவை மீண்டும் எடுக்கவியலாது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பெயர். துறையின் தரவுகள் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களப்பெயரின் கீழ் முகவரி பெற வேண்டும். தரவு எந்த நிறுவனத்தின் கணினியில் இருப்பினும், மேற்கோள் காட்டப்படும் முகவரி பல்கலைக்கழகத்துடையதாக இருப்பின், இடம் மாறினாலும் அடிக்குறிப்பு பொய்க்காது.

இரண்டாவது, படி. தரவுக்கு மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு ஊடகங்கள், அவற்றுள் ஒரு படி வேறோர் ஊரில் என்பது காப்புப்படிக்குரிய எளிய விதி. இரு பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகள் ஒன்றன் படியை மற்றொன்று வைத்துக்கொள்வது பெருஞ்செலவின்றி இயலும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காப்புப்படியிலிருந்து கோப்பை மீட்டெடுத்துச் சரிபார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத படியை நம்பவியலாது.

மூன்றாவது, வடிவம். உரைகள் ஒருங்குறியில், எந்த மென்பொருளாலும் திறக்கவல்ல எளிய உரைக்கோப்பாகவும் இருத்தல் வேண்டும். தனி எழுத்துருவைச் சார்ந்த கோப்புகளை இப்போதே மாற்றிவைப்பது நன்று.

நான்காவது, கருவி. பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸை நிறுவித் தொடங்கலாம். அதன் ஒவ்வொரு நிலைத்த பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. கோப்புப் பகிர்வுக்கு, 2016-இல் தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் பயன்படும். தள இணைப்பைக் காக்கும் மறைகுறியீட்டுச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்குகிறது. மின்னஞ்சலைத் துறையே நடத்த முயல வேண்டியதில்லை; சொந்தக் களப்பெயரில், கட்டணச் சேவை ஒன்றன் வழியே பெறுவது போதுமானது.

ஐந்தாவது, பொறுப்பு. வழங்கியைப் பேணும் கடமை ஆர்வமுள்ள ஓர் ஆய்வாளரின் தனிமுயற்சியாக இராது, துறையின் பணிப்பட்டியலில் இடம்பெற வேண்டும். கடவுச்சொற்கள், புதுப்பிக்கும் நாள்கள், மீட்கும் முறை ஆகியன எழுதப்பட்டு, குறைந்தது இருவர் அறிய இருத்தல் வேண்டும். கணினி அறிவியல் துறையுடன் இணைந்து செயற்படுவதும், கணியம் அறக்கட்டளை, லினக்ஸ் பயனர் குழுக்கள் போன்றவற்றின் தமிழ்வழி உதவியை நாடுவதும் பயன் தரும்.

முடிவுரை

தமிழ் இணையத்தின் கடந்தகாலம், பெருநிறுவனம் தீது, சொந்த வழங்கி நன்று என்னும் எளிய முடிவைத் தரவில்லை. இலவச இடங்களே எழுதுவோரைப் பெருக்கின. சொந்த வழங்கிகளும் அணைந்துள்ளன. எனினும் நிலைத்தவற்றை ஒப்பிடும்போது, பெயர் தம்முடையதாகவும், படிகள் பலவாகவும், பேணும் பொறுப்பு ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியதாகவும் இருந்தவையே எஞ்சின என்பது புலனாகிறது. கட்டற்ற மென்பொருளும் லினக்ஸும் இம்மூன்றையும் எளிதாக்குகின்றன, அவற்றுக்கு ஈடாகா.

யாகூ குழுமங்களின் மடல்களுள் ஒரு பகுதி உறுப்பினர்களின் அஞ்சற் பெட்டிகளிலும் பழைய வன்தட்டுகளிலும் இன்னும் இருத்தல் கூடும். அவற்றை உரிய ஒப்புதலுடன் திரட்டி, ஒருங்குறிக்கு மாற்றி, ஆய்வு நூலகம் ஒன்றில் சேர்க்கும் பணி இன்னும் இயல்வதே. அம்மடல்களை எழுதியோரில் பலர் இன்று முதுமையில் உள்ளனர் என்பதால், தமிழ்த் துறைகள் இப்பணியை முதன்மையாகக் கொண்டு தொடங்குதல் வேண்டும்.